சிறு வர்த்தகத்தில் வாடிக்கையாளர் நம்பிக்கை: கட்டியெழுப்புதலும் காத்தலும்

மளிகைக் கடை, உணவகம், புடவைக் கடை, நகைக் கடை, தையல், விழாச் சமையல், மண்டப அலங்காரம், ஒளிப்படம், வீட்டுத் திருத்த வேலை என எமது பகுதியில் சிறு அளவில் தொழில் நடத்தும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. பொருள் வாங்குவோரும் தமது உரிமைகளை அறிந்துகொள்ள இதனைப் பயன்படுத்தலாம். இங்கு கூறப்படும் சட்ட விவரங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குப் பொருந்துவன.

1. அறிமுகத்தால் வரும் நம்பிக்கை

மேற்கு சிட்னியின் வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி போன்ற இடங்களில் ஒரு தமிழ்க் கடை திறக்கப்படும்போது அதன் முதல் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அறிமுகமானவர்களே. ஒரே ஊரவர், ஒரே பாடசாலையின் பழைய மாணவர், கோயிலில் காண்பவர், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவர் எனப் பலரும் கடையைத் தேடி வருவர். விளம்பரச் செலவின்றிக் கிடைக்கும் இந்த ஆதரவு புதிய வியாபாரிக்குப் பெரிய முதல்.

எனினும் இந்த முதலில் ஓர் ஆபத்தும் உண்டு. அறிமுகம் இருக்குமிடத்தில் பேச வேண்டியவை பேசப்படாமல் விடப்படுகின்றன. “எங்களுக்குள் எழுத்து எதற்கு?” என்று வியாபாரி எண்ணுகிறார். விலையை முன்கூட்டியே கேட்க வாடிக்கையாளர் கூசுகிறார். பொருள் பழுதானால் முகத்துக்கு நேரே சொல்லவும் கூசுகிறார். சொல்லாமல் விலகிச் செல்லும் வாடிக்கையாளர் அக்குறையைத் தம் உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. கடைக்காரருக்கோ வியாபாரம் குறைந்தது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. இவ்வாறு முறியும்போது ஒரு வாடிக்கையாளருடன் ஓர் உறவும் போய்விடுகிறது.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. ஒருவரை நாணயமானவர் என்று சொல்லும்போது, அவருடைய வாக்கு காசைப் போலவே எவரிடத்தும் செல்லும் என்பதே பொருள். அறிமுகமானவரிடம் மட்டும் செல்லும் நம்பிக்கை ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றுவிடும். கடையின் நடைமுறையால் வரும் நம்பிக்கை, முன்பின் அறியாதவரையும் அடுத்த தலைமுறையையும் வேற்று மொழியினரையும் அழைத்து வரும். முன்னதைப் பின்னதாக மாற்றுவது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

2. விற்கும் முன் தெளிவு

வாக்குத் தெளிவாக இல்லாதபோது இரு தரப்பாரும் நேர்மையாளராக இருந்தாலும் பிணக்கு உண்டாகும். ஆகவே முதற்பணி, வாடிக்கையாளர் எதற்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறியச் செய்வதாகும்.

*விலை.* அறிவிக்கும் விலை, வாடிக்கையாளர் செலுத்த வேண்டிய முழுத் தொகையாக இருத்தல் வேண்டும். 10 சதவீத ஜிஎஸ்டி வரி விதிக்கப்படும் பொருளாயின் அதுவும் அத்தொகைக்குள் அடங்க வேண்டும். ஒரு பொருளுக்கு இரண்டு விலைகள் காட்டப்பட்டிருப்பின் குறைந்த விலைக்கே விற்க வேண்டும். அல்லது தவறு திருத்தப்படும் வரை அப்பொருளை விற்பனையிலிருந்து அகற்ற வேண்டும். அலுமாரித் தட்டில் ஒரு விலையும் கணக்கிடும் இயந்திரத்தில் வேறு விலையும் இருப்பது பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்வது. ஆனால் வாடிக்கையாளர் அதைக் கவனக்குறைவு என்று எண்ணமாட்டார். வாரத்துக்கு ஒரு முறை விலைச்சீட்டுகளைச் சரிபார்ப்பது சிறிய வேலை. அதன் பயன் பெரிது.

*நிறை.* ஆட்டிறைச்சி, மீன், மரக்கறி, இனிப்பு, தங்கம் என நிறுத்து விற்கும் எல்லாவற்றுக்கும் சரிபார்த்து முத்திரையிடப்பட்ட தராசையே பயன்படுத்த வேண்டும். பெட்டியின் அல்லது பையின் எடை பொருளின் எடையோடு சேரலாகாது. வர்த்தக அளவை தொடர்பான பொறுப்பு 2010 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தேசிய அளவை நிறுவனத்திடம் உள்ளது. தராசின் முகப்பு வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், அவர் கேட்காமலே ஐயம் தீரும்.

*மதிப்பீடும் முற்பணமும்.* விழாச் சமையல், மண்டப அலங்காரம், தையல், ஒளிப்படம் ஆகிய தொழில்களில் பிணக்குகள் பெரும்பாலும் முற்பணத்தைச் சுற்றியே எழுகின்றன. பூப்புனித நீராட்டு விழாவுக்கு 150 பேருக்கு உணவு என்று வாய்மொழியாகப் பேசியிருப்பர். வருபவர் 180 ஆனால் மேலதிகத் தொகை எவ்வளவு? விழா ஒத்திவைக்கப்பட்டால் முற்பணம் என்னாகும்? பாத்திரங்களைத் திருப்பிக் கொண்டுவருவது யார் பொறுப்பு? இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பாரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுதல் நன்று. வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி “சரி” என்ற பதிலைப் பெற்று வைத்திருப்பதும், ஒன்றும் எழுதாதிருப்பதிலும் மேலானது. வாடிக்கையாளருக்குப் பெரிதும் பாதகமாக அமையக்கூடிய நிபந்தனைகளை, அவர் உடன்படும் முன்னரே அவருடைய கவனத்துக்குக் கொண்டுவர நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது நியூ சவுத் வேல்ஸில் 2020 ஜூலை 1 முதல் சட்டத் தேவையுமாகும். குறித்த நாளில் செய்து தர இயலாது என்று தெரிந்தும் முற்பணம் வாங்குவது சட்டவிரோதம்.

வீட்டுத் திருத்த வேலை செய்வோர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூலியும் பொருட்களும் சேர்ந்து 5,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டுக் கட்டட வேலைக்கு உரிமமும் எழுத்து மூல ஒப்பந்தமும் கட்டாயம். முற்பணமாக மொத்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கலாகாது.

*பற்றுச்சீட்டு.* ஜிஎஸ்டி நீங்கலாக 75 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்த தொகையாயினும் வாடிக்கையாளர் கேட்டால் 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்குரிய கணக்கின் விவரப் பட்டியலை, கணக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் வாடிக்கையாளர் கேட்பாராயின், கட்டணமின்றி 7 நாட்களுக்குள் தர வேண்டும். பணம் நோட்டாகக் கைமாறியது என்பதால் இக்கடமை நீங்குவதில்லை. “காசாகத் தந்தால் வரி இல்லை, சீட்டும் இல்லை” என்று சொல்லும் வியாபாரி, சில டொலர் குறைத்துக் கொடுத்ததால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்று எண்ணுகிறார். வரித் திணைக்களத்திடம் மறைப்பவர் தம்மிடமும் எதையாவது மறைப்பாரோ என்ற எண்ணமும் அந்த வாடிக்கையாளரின் மனத்தில் அப்போதே விழுந்துவிடுகிறது.

3. உணவில் நம்பிக்கை

உணவு விற்பவரிடம் வாடிக்கையாளர் ஒப்படைப்பது பணத்தை மட்டுமன்று. உடல்நலத்தையும், சில வேளைகளில் உயிரையும், நோன்பையும் ஒப்படைக்கிறார். கடலை, முந்திரி முதலிய கொட்டைகள், எள், பால், முட்டை, மீன், இறால், நண்டு, சோயா, கோதுமை ஆகியன அவுஸ்திரேலிய உணவு விதிகளின்படி அறிவிக்கப்பட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களுள் அடங்கும். பொதியிடாமல் விற்கும் உணவுக்கும் இவ்விவரம் உணவுக்கு அருகே எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது கேட்டவுடன் சொல்லப்பட வேண்டும்.

நமது சமையலில் இப்பொருட்கள் வெளியே தெரியாமல் இருப்பதுண்டு. நல்லெண்ணெய் என்பது எள்ளெண்ணெய். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகள் கோதுமை மாவு கலந்தவை. ஆகவே அரிசியாலும் பருப்பாலும் மட்டும் ஆனதென்று நாம் கருதும் சாம்பாரிலும் ரசத்திலும் கோதுமை இருக்கலாம். சீனிச் சம்பலிலும் தேங்காய்ச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்வதுண்டு. அது மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவருக்கோ அது பெருந்துயரம். மரக்கறி உணவு என்று விற்கப்பட்டதில் மாசி இருந்ததை அறிந்த ஒருவர், பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அக்கடைக்கு மீண்டும் வருவது அரிது.

எனவே ஒவ்வோர் உணவுக்கும் சேர்க்கும் பொருட்களின் பட்டியலைச் சமையலறையில் எழுதி வைத்திருங்கள். மசாலாவின் அல்லது எண்ணெயின் வகையை மாற்றும்போது அப்பட்டியலையும் மாற்றுங்கள். பதில் தெரியாத பணியாளர் “இல்லை என்று நினைக்கிறேன்” எனக் கூறாமல் “கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” எனக் கூறப் பழக்குங்கள்.

4. சட்டம் இட்டிருக்கும் அடித்தளம்

அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. 1,00,000 டொலர் வரையிலான பொருட்களுக்கும் சேவைகளுக்கும், அதற்கு மேற்பட்ட விலையாயினும் வீட்டுத் தேவைக்காகப் பொதுவாக வாங்கப்படுவனவற்றுக்கும், இச்சட்டம் சில உத்தரவாதங்களைத் தானாகவே அளிக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும். சொன்ன விவரத்துக்கும் காட்டிய மாதிரிக்கும் ஒத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கூறிய தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். சேவையானது உரிய கவனத்தோடும் திறமையோடும், நாள் குறிக்கப்படாவிடின் நியாயமான காலத்துக்குள்ளும், செய்யப்பட வேண்டும்.

இவ்வுத்தரவாதங்களை எந்த அறிவிப்புப் பலகையாலும் நீக்க இயலாது. “விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா” என்ற வாசகம் ஊர்க் கடைகளில் நாம் கண்டு பழகியது. அதை இங்கே எழுதி மாட்டுவது சட்டவிரோதம். “மலிவு விற்பனைப் பொருட்களுக்குப் பணம் திருப்பப்படமாட்டாது”, “மாற்றிக் கொடுப்பது மட்டுமே உண்டு” போன்ற அறிவிப்புகளும் அவ்வாறே. தமிழில் எழுதியிருப்பதால் அவை சட்டத்துக்கு அப்பாற்பட்டவை ஆகா.

அதே வேளை, வியாபாரிக்கும் பாதுகாப்பு உண்டு. பொருளில் குறை இல்லாமல் மனம் மாறியதால் மட்டும் திருப்பிக் கொண்டுவருபவருக்குப் பணத்தை மீளக் கொடுக்கச் சட்டம் வற்புறுத்துவதில்லை. அப்படிக் கொடுப்பதாகக் கடை தானே அறிவித்திருந்தால் அவ்வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே பலகையில் எழுதத் தக்கது இதுவாகும்: “தேர்வு தவறியதற்காகவோ மனம் மாறியதற்காகவோ பணம் திருப்பப்படமாட்டாது. பொருளில் குறை இருப்பின் சட்டப்படியான தீர்வு அளிக்கப்படும்.” இவ்விரு வாக்கியங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால் பல வாக்குவாதங்கள் தொடங்காமலே முடியும்.

குறை பெரியதாயின், பணத்தை மீளப் பெறுவதா மாற்றுப் பொருளைப் பெறுவதா என்பதை வாடிக்கையாளரே தீர்மானிப்பார். முன்பே தெரிந்திருந்தால் எவரும் வாங்கியிருக்கமாட்டார் என்னும் அளவுக்கான குறை, பாதுகாப்பற்ற தன்மை, சொன்ன விவரத்தினின்று பெரிதும் வேறுபடுதல் ஆகியன பெரிய குறைகள். குறை சிறியதாயின், பழுதுபார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வியாபாரி தெரிவு செய்யலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.

5. ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு.

ஒரு கடையில் 420 டொலருக்கு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று விற்கப்படுகிறது. அதனுடன் 6 மாத உத்தரவாத அட்டை கொடுக்கப்பட்டுள்ளது. வாரம் ஒரு முறை இட்டலிக்கும் தோசைக்கும் மாவரைத்து வந்த குடும்பத்தில், ஏழாம் மாதம் மோட்டார் நின்றுவிடுகிறது. பற்றுச்சீட்டைக் காணவில்லை, வங்கி அட்டைக் கணக்கில் கொடுப்பனவு பதிவாகியுள்ளது. அவர்கள் கடைக்கு வருகின்றனர்.

“அட்டைக் காலம் முடிந்துவிட்டது” என்று கடைக்காரர் சொல்லலாம். அப்பதில் போதாது. கடை தரும் உத்தரவாதம் சட்டம் தரும் உத்தரவாதத்தோடு கூடுதலாகச் சேர்வது, அதற்கு மாற்றாகாது. வீட்டில் அளவோடு பயன்படுத்திய 420 டொலர் இயந்திரம் 7 மாதத்துக்கு மேல் உழைக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பது நியாயமே.

“சீட்டு இல்லை” என்பதும் போதாது. வாங்கியதற்கான சான்றாக வங்கிப் பதிவை ஏற்கலாம்.

“நிறுவனத்தாரிடம் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுவதும் தகாது. பொருளை விற்ற கடையே தீர்வு அளிக்கக் கடமைப்பட்டது. அச்செலவைக் கடை தயாரிப்பாளரிடமிருந்து கோரலாம். ஆனால் தயாரிப்பாளருக்கு அவுஸ்திரேலியாவில் நிறுவனம் இல்லாதபோது, பொருளை இறக்குமதி செய்தவரே சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாகப் பொருள் தருவிக்கும் கடைகள் இதனைக் கருத்தில் வைத்தே கொள்முதல் செய்யவும் விலை வைக்கவும் வேண்டும்.

சரியான வழி, இயந்திரத்தைப் பெற்று, பெற்றதற்கு ஒரு சீட்டுக் கொடுத்து, பதில் சொல்லும் நாளைக் குறித்து அனுப்புவதாகும். மோட்டாரை மாற்றிச் சரிசெய்ய முடியுமாயின் விரைவில் மாற்றிக் கொடுக்க வேண்டும். முடியாதெனில், வேறு இயந்திரமோ பணமோ கொடுக்க வேண்டும். இதில் கடைக்குச் சில நூறு டொலர் செலவாகலாம். ஆனால் மாதந்தோறும் அரிசியும் உழுந்தும் மரக்கறியும் வாங்கும் அக்குடும்பம் மாதம் 150 டொலர் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,800 டொலர் விற்பனை அந்த ஒரு பதிலில் தங்கியுள்ளது. பழுதுபார்த்துக் கொடுத்த கடையைப் பற்றி அவர்கள் பிறரிடம் சொல்வது இக்கணக்கில் சேராது.

6. முறைப்பாட்டைக் கையாளும் ஐந்து படிகள்

நம்பிக்கை உண்மையில் சோதிக்கப்படுவது பொருள் விற்கும் நாளில் அன்று. குறை சொல்லி வரும் நாளில்.

முதலாவது, முழுவதும் கேளுங்கள். இடைமறித்துக் காரணம் சொல்லாதீர்கள். மற்ற வாடிக்கையாளர் முன் நின்று பேச அவர் கூசலாம். சற்று ஒதுக்கமாக அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, எழுதுங்கள். நாள், பொருள், குறை, அவர் வேண்டுவது ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். உரிமையாளர் இல்லாத வேளையில் பணியாளரும் இதையே செய்ய வேண்டும்.

மூன்றாவது, நாள் குறியுங்கள். “பார்ப்போம்” என்பது பதிலன்று. “அக்கா, விசாரித்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் நானே தொலைபேசியில் சொல்கிறேன்” என்பது பதில்.

நான்காவது, குறித்த நாளில் பேசுங்கள். முடிவு கிட்டாவிட்டாலும், கிட்டவில்லை என்று சொல்வதற்காகவேனும் பேசுங்கள். அவருடைய கோரிக்கை சட்டப்படி பொருந்தாததாயின் காரணத்தைப் பணிவாக விளக்குங்கள்.

ஐந்தாவது, காரணத்தைத் திருத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொப்பியைப் புரட்டினால் ஒரே வகைக் குறை மீண்டும் வருவது தெரியும். அது ஒரு பொருளின் தரமாகவோ, ஒரு வழங்குநரின் தாமதமாகவோ, தெளிவற்ற ஒரு விலைச்சீட்டாகவோ இருக்கலாம்.

7. கவனிக்கப்படாமல் நம்பிக்கையைக் குலைப்பவை

*ஆள் பார்த்து விலை.* தெரிந்தவருக்குக் குறைத்துக் கொடுப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றும். ஆனால் ஒரே புடவையை ஒருவர் 180 டொலருக்கும் மற்றவர் 240 டொலருக்கும் வாங்கியது ஒரு கல்யாண வீட்டில் தெரியவந்தால், அதிகம் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். தள்ளுபடி கொடுப்பதாயின் அதற்குரிய விதியை எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

*போலிப் பாராட்டு.* உறவினரைக் கொண்டு வாடிக்கையாளர் போல இணையத்தில் மதிப்புரை எழுதச் செய்வது மக்களை ஏமாற்றும் செயல், சட்டப்படியும் தவறு. குறை கூறும் உண்மையான மதிப்புரைக்கு அமைதியாகவும் சுருக்கமாகவும் பதில் எழுதுவது, பத்துப் பொய்ப் பாராட்டுகளை விட நன்மை தரும்.

*தொலைபேசி எண்.* பொருளை வீட்டுக்கு அனுப்புவதற்காகத் தந்த எண்ணை விளம்பர வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது நம்பிக்கை மீறல். வணிக நோக்கில் மின்செய்தி அனுப்பப் பெறுபவரின் இசைவு வேண்டும். அனுப்புபவர் யார் என்பதும், செய்திகளை நிறுத்தும் வழியும் அதில் இருக்க வேண்டும். இது 2003ஆம் ஆண்டின் ஸ்பாம் சட்டத்தின் விதி. தவிர, ஒரு குழுவில் சேர்த்தவுடன் ஒருவரின் எண் குழுவிலுள்ள அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. மற்றொரு வாடிக்கையாளர் என்ன வாங்கினார், எவ்வளவு கடன் வைத்துள்ளார் என்று கடையில் பேசுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதைக் கேட்டு நிற்பவர், நாளை தம்மைப் பற்றியும் இவ்வாறே பேசப்படும் என்பதை உணர்வார்.

*பரிசு அட்டை.* 2019 நவம்பர் 1 முதல் விற்கப்படும் பரிசு அட்டைகள் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும். முடிவுத் திகதி அட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். கடையே அச்சிட்டுக் கொடுக்கும் சீட்டுக்கும் இது பொருந்தும்.

8. பயிற்சி வினாக்கள்

தனியாகவோ பணியாளருடன் சேர்ந்தோ இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள்.

1. உங்கள் கடையில் தற்போதுள்ள அறிவிப்புகளில் சட்டத்துக்கு மாறானது ஏதேனும் உண்டா? அதை எவ்வாறு திருத்தி எழுதுவீர்கள்?
2. தைத்த சட்டையின் தோள் அளவு தவறிவிட்டது. விழா நாளை மறுநாள். இது பெரிய குறையா, சிறிய குறையா? வாடிக்கையாளரிடம் முதலில் என்ன சொல்வீர்கள்?
3. நீங்கள் விற்கும் மூன்று உணவுகளில் எள், கோதுமை, மீன் ஆகியன உள்ளனவா என்பதை ஒரு பணியாளரால் உடனே சொல்ல முடியுமா?
4. கடந்த ஓராண்டில் வருவதை நிறுத்திவிட்ட வாடிக்கையாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடன் நடந்த கடைசிப் பரிமாற்றத்தில் எழுத்தில் இருந்தது எது? வாய்மொழியாக மட்டும் இருந்தது எது?

9. உதவி பெறும் இடங்கள்

வியாபாரியும் வாடிக்கையாளரும் தமக்குள் தீர்க்க இயலாத பிணக்குகளுக்கு, மாநில அரசின் நுகர்வோர் விவகாரத் துறையான நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் டிரேடிங்கைத் தொலைபேசி 13 32 20 மூலம் நாடலாம். இரு தரப்பாரும் இணக்கத்துக்கு வர அது உதவும். வியாபாரிகளும் தமது கடமைகள் பற்றிய விளக்கத்தை அங்கே பெறலாம். இணக்கம் ஏற்படாவிடின் நியூ சவுத் வேல்ஸ் குடியியல் மற்றும் நிர்வாக நியாய மன்றத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் உள்ளவர்கள் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவர் மூலம் மேற்கூறிய அலுவலகங்களுடன் பேசலாம்.

இப்பாடம் பொதுத் தகவலுக்காக மட்டுமே. குறிப்பிட்ட பிணக்கு ஒன்று எழுந்திருப்பின், முடிவெடுக்கும் முன் மேற்கூறிய இடங்களில் ஆலோசனை பெறுக.